மருந்தை முறிக்கும் மரம்

அகத்தியை நான் கட்டாகத்தான் பார்த்து வளர்ந்தேன். வாழைநாரில் இறுக்கிக் கட்டி, ஈரச் சாக்குக்கு அடியில் வைத்திருக்கும் கீரைக்கட்டு. அமாவாசைக்கு மாட்டுக்கு ஒன்று, துவாதசிக்கு எங்களுக்கு ஒன்று. கட்டைப் பிரித்தால் நீளமான காம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சின்ன இலைகள் இருக்கும். உருவிப் போடும்போது விரல் கசக்கும். மரமாக அதைப் பார்த்ததில்லை. பூவையும் சிலர் சமைப்பார்களாம். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

அதனால்தான் மராத்தி பேசும் சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் மதிலோரம் ஒல்லியாக, பாதி வளைந்து நின்ற மரத்தைத் தினமும் கடந்துபோயும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கணபதி பண்டிகை முடிந்ததும் அது பூக்கும். வெள்ளையாக, கிளியின் மூக்கைப் போல வளைந்த பெரிய பூக்கள். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் அம்மாள் காலையில் ஒரு கொக்கியை எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் பறிப்பார். எல்லோரும் அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தி என்கிற மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். பூவின் நடுவிலிருக்கும் கசப்பு நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, வெங்காயமும் கடலைமாவும் போட்டு வதக்குவார். ஒருநாள் எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பெயர் கேட்டதற்கு "ஹத்கா" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. பால்வாடியிலிருந்து மதியம் வந்தால், நான் ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து கம்பெனி கேபில் திரும்பும்வரை காக்குவிடம்தான் இருப்பாள். அங்கே சாப்பிடுவாள், அங்கேயே தூங்குவாள். தமிழைவிட மராத்தி அவளுக்குச் சரளமாக வந்ததற்குக் காக்குதான் காரணம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். அவரை நம்பி மதியங்களை வைத்துக்கொள்ள முடியாது.

காக்குவுக்கு என் மகளைப் பற்றித் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவளுக்கு வலிப்பு உண்டு.

முதல் தடவை வந்தபோது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அடுத்தடுத்து வந்ததும் டாக்டர் ஒரு சிரப் கொடுத்தார். காலையும் இரவும் தவறாமல் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால் மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார். அந்த இரண்டு வருஷத்தில் பெரும்பகுதியைக் கடந்திருந்தோம். இடையில் ஒருமுறை வந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். அந்த நாட்களில் அவள் கை சும்மா துள்ளினாலும் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். காய்ச்சல் அடிக்கிறதா என்று தூங்குகிறவளின் கழுத்தைத் தொட்டுத் தொட்டு எழுப்பிவிட்டு, எழுப்பியதற்காக என்னையே திட்டிக்கொள்வேன்.

வெளியில் சொல்ல வேண்டாம் என்றது என் மாமியார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தினமும் போன் பண்ணுவார். "பொம்பளப் புள்ளைக்கு வலிப்புன்னு ஒரு தடவை வெளியில போச்சுன்னா அப்புறம் அதுதாம்மா அவ பேரு. மருந்துலதான் நிக்குதே, எதுக்கு ஊரைக் கூட்டணும்?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தைக் காலையும் இரவும் நானே கொடுத்தேன். நடுப்பகலில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

மாமியார் சொன்ன இன்னொன்று அகத்தியைப் பற்றி. "மருந்து சாப்பிடற வரைக்கும் அகத்தியைக் கண்ணுல காட்டாதே. மருந்தை முறிச்சிடும்." இதை என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். ஊரில் நாட்டு மருந்துக் கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது சொல்வார். நான் பொறியியல் படித்தவள். முறிப்பது என்றால் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் கட்கி மார்க்கெட்டில் தமிழ்க் கீரைக்காரம்மா அகத்தியை எடுத்து நீட்டினால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வேன். அவர் சிரிப்பார். "தொட்டா ஒட்டிக்காது தாயி."

நவராத்திரியில் சொசைட்டிப் பெண்கள் போண்ட்லா வைத்தார்கள். நடுவில் மணையில் யானை வரைந்த பலகையை வைத்து, சின்னப் பெண்கள் கைகோத்துச் சுற்றிவந்து பாடுவார்கள். முடிவில் மூடிய பாத்திரம் வரும். உள்ளே என்ன பலகாரம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தால்தான் மூடியைத் திறப்பார்கள். அந்த வருஷம் பாத்திரம் காக்குவுடையது. லட்டு, சிவ்டா, சுண்டல், கரஞ்சி என்று ஒவ்வொன்றாகக் கத்தினார்கள். காக்கு இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் மகள் கூட்டத்தில் புகுந்துபோய்ப் பாத்திரத்தின் மேல் மூக்கை வைத்து மோந்தாள்.

"ஹத்கா பஜ்ஜி!"

காக்கு மூடியைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "இவளுக்குத் தெரியாமல் எப்படி? வாரத்தில் நாலு நாள் இதைத்தானே தின்கிறாள்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். யானைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் அந்த மரத்தின் கிளை ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். பஜ்ஜித் தட்டோடு அதன் அருகில் போய் நின்றேன். நீளமான காம்பு, இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சின்ன இலைகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன்.

அகத்தி.

அந்தக் கசப்பு இறங்குவதற்குள் மனத்தில் நாட்கள் ஓடின. கணபதி முடிந்ததிலிருந்து வாரத்தில் நாலு நாள். இரண்டு வாரத்துக்கு முன் தூக்கத்தில் அவள் கால் உதறியதே, அது உதறல்தானா? பால்வாடி டீச்சர் ஒருநாள், கூப்பிட்டால் சட்டென்று திரும்பவில்லை என்றாரே. அதை ஏன் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை?

வீட்டுக்கு வந்து மாமியாரைக் கூப்பிட்டேன்.

"அகத்திப்பூவா? ஏம்மா, படிச்சவதானே நீ, மூணு வாரமாவா குடுத்தே?"

"எனக்கு அது அகத்தின்னு தெரியாது அத்தை. நான் குடுக்கலை. எதிர்வீட்டுல."

"நாளைக்கே நிறுத்து. ஆனா காரணம் சொல்லிடாதே. உடம்புக்கு ஆகலைன்னு சொல்லு, போதும்."

கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "பூ தின்னா எல்லாம் ஆயிடுமா? சும்மா இருக்கறவளைப் போட்டுக் குழப்பாதே." பிறகு சட்டையை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "ஆனா நிறுத்திடு," என்றார்.

மறுநாள் காலை, பால்வாடிக்குக் கூட்டிப் போவதற்காக மகளை விடும்போது காக்குவிடம் சொன்னேன். அவர் மராத்தியில் பேசுவார், நான் இந்தியில் பதில் சொல்வேன். அப்படித்தான் எங்களுக்குள் ஓடும்.

"காக்கு, இனிமேல் இவளுக்கு அந்தப் பூ வேண்டாம். ஒத்துக்கொள்ளவில்லை."

"ஏன், வயிற்றுப்போக்கா?"

"இல்லை. சளி பிடிக்கிறது."

வாயில் வந்ததைச் சொன்னேன். காக்கு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஹத்காவில் சளி பிடிக்குமா? புதுசாக இருக்கிறதே. சரி, உன் பிள்ளை. தர மாட்டேன்." கேப் டிரைவர் கீழே ஹாரன் அடித்தார். பாதி நிம்மதியோடு இறங்கினேன்.

மாலை திரும்பி வந்தபோது மகள் காக்குவின் ஹாலில் பாயில் உட்கார்ந்து அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூக்கைக் காட்டினாள்.

"அம்மா, காக்கு பச்சை ஊத்தினா. இங்க. ரொம்ப எரிஞ்சுது."

தூக்கினேன். அவள் முகத்தில் அந்த இலையின் வாசனை அடித்தது. காக்கு அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பயப்படாதே. ஹத்கா இலையை இடித்து, துணியில் பிழிந்து, மூக்குக்கு இரண்டு சொட்டு. சளிக்கு எங்களுக்கு இதுதான். நாளைக்குக் காலையில் பார், தலையில் இருக்கிறதெல்லாம் வெளியில் வந்துவிடும்."

நான் சொன்ன பொய்க்கு அவர் பொறுப்பாக வைத்தியம் செய்திருந்தார். பூவை நிறுத்தச் சொன்னேன். இலை உள்ளே போயிருந்தது. பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சளி இல்லை காக்கு," என்றேன்.

"அப்புறம்?"

அந்த வார்த்தையை நான் டாக்டர் அறைக்கு வெளியில் எந்த மொழியிலும் சொன்னதில்லை. இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. மிர்கி. சொல்லிவிட்டு மகளின் காதைப் பொத்தியிருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிரப், இரண்டு வருஷக் கணக்கு, எங்கள் பக்கத்தில் இந்த மரத்துக்கு என்ன பெயர், அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதெல்லாம்.

காக்கு உள்ளே போய் கேஸை அணைத்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்போதிலிருந்து?"

"இங்கே விட ஆரம்பிப்பதற்கு முன்னாலிருந்தே."

"நான் இவளை அடுப்பு மேடையில் உட்கார வைத்துக்கொண்டு சப்பாத்தி போடுவேன்," என்றார். குரல் உயரவில்லை. "கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெளியில் பூட்டிக்கொண்டு பால் வாங்கப் போவேன். மொட்டைமாடிக்கு வற்றல் எடுக்கக் கூட்டிப் போவேன். அங்கே கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், தெரியுமா உனக்கு?"

மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"வந்தால் என்ன செய்ய வேண்டும்? மருந்து ஏதாவது உண்டா?"

"மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே ஒன்று இருக்கிறது."

"எங்கே?"

அதற்குப் பதில் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. என் தோளில் தொங்கிக்கொண்டிருந்த ஆபீஸ் பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இது தினமும் ஹிஞ்சேவாடிக்குப் போய்விட்டு வருகிறதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஸ்ப்ரேயை என்னிடமே வைத்திருந்தால்தான் மறக்காது என்று நினைத்துப் பையில் போட்டேன். எத்தனையோ தடவை பையைத் திறந்து அது இருக்கிறதா என்று சரிபார்த்திருக்கிறேன். பிள்ளை ஒரு இடத்தில், அது ஒரு இடத்தில் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

காக்கு எழுந்து மகளின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றார். கதவைச் சாத்தும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

அன்று இரவு சிரப் கொடுத்தபோது எப்போதையும்விடக் கவனமாக அளந்தேன். இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

"அந்தப் பூவை நானும் சாப்பிடுகிறவன்தான்," என்றார். "இந்த மருந்தோடு சேராது என்று நான் எங்கேயும் படித்ததில்லை. நான் படிக்கவில்லை என்பதால் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துவிடுவோம். மூக்கில் மட்டும் இனிமேல் இலைச்சாறு எதையும் விடாதீர்கள்."

அளவு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் வேறொன்று கேட்டார். "பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவருக்கு ஸ்ப்ரே அடிக்கத் தெரியுமா?"

மாமியாரிடம் ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன். காக்குவிடம் சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

"பெத்தவ நீ," என்றார். "நான் தூரத்துல கெடக்கறேன். நான் என்ன சொல்ல?" அப்புறம், "அளவு சரியா இருந்தா நல்லதுதான். ஆனாலும் அகத்தி வேண்டாம்மா."

எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. காகிதத்தில் எண் சரியாக இருந்தது. வாயில் அந்தக் கசப்பும் இருந்தது. இரண்டில் ஒன்றை விட எனக்குத் தைரியமில்லை. இன்றும் இல்லை.

அந்த இரண்டு நாளும் பால்வாடி விட்டு வந்ததும் மகள் எதிர்வீட்டுக் கதவுக்குத்தான் ஓடினாள். தட்டினாள். "காக்கு, நான்தான்!" உள்ளே குக்கர் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் என் தோளைக் கடித்தாள். வேறு யாரைப் பார்ப்பது என்று யோசித்தேன். டே கேர் ஒன்றில் விசாரித்தேன். அங்கே எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்," என்றார். அது சம்மதமா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மாலை அழைப்புமணி அடித்தது. காக்கு நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் சொல்வதற்கு முன்பே தரையில் உட்கார்ந்தார். மகள் ஓடிப்போய் மடியில் விழுந்தாள்.

"இவள் கதவைத் தட்டிய ஒவ்வொரு தடவையும் நான் கதவுக்கு உள்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்," என்றார் என்னைப் பார்க்காமல். "பயமாக இருந்தது. கோபம் அப்புறம்தான். முதலில் பயம்."

"தெரியும் காக்கு."

"உனக்கு என்ன தெரியும்? நீ பயந்தால் உன் பிள்ளைக்காகப் பயப்படுவாய். நான் அடுத்தவர் பிள்ளைக்காகப் பயப்பட வேண்டும்." மகளின் தலைமுடியைக் கோதினார். "பூவும் வேண்டாம், இலையும் வேண்டாம். உங்கள் ஊரில் சொல்வது சரியா, எங்கள் ஊரில் சொல்வது சரியா, எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் தர மாட்டேன். ஆனால் இனிமேல் எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல். இப்போது காட்டு."

"எதை?"

"வந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதை."

மகளைப் பாயில் படுக்கச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்து விறைப்பாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இடது பக்கமாக ஒருக்களிக்க வைத்தேன். தலைக்கு அடியில் மடித்த துண்டை வைத்தேன். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையைக் காலைப் பிடித்து அழுத்தக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். காக்கு மூட்டு வலியோடு மண்டியிட்டு உட்கார்ந்து, நான் செய்ததை மறுபடி செய்தார். முதல் தடவை வலது பக்கம் புரட்டிவிட்டார்.

"காக்கு, தப்பு!" என்று மகள் ஒரு கண்ணைத் திறந்து சொன்னாள். "இந்தப் பக்கம்."

"வாயை மூடு. வலிப்பு வந்தவள் பேசுவாளா?" என்றார் காக்கு. சொன்ன பிறகு என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் சாதாரணமாகக் கேட்டது அதுவே முதல் தடவை. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ப்ரேயைக் கையில் கொடுத்தேன். மூடியைக் கழற்றி, மூக்குக்கு அருகில் பிடித்து, அழுத்தாமல் எப்படி என்று மட்டும் பழகினார். பிறகு அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த இன்னொன்று வீட்டுக்கு இருந்தது.

"ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் என்னைத் தெரியும்," என்றார். "எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன். ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது, நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் கேட்டேன். "எனக்கு உடனே போன் பண்ணுவீர்கள் இல்லையா காக்கு? முதலில் எனக்கு?"

அவர் யோசித்தார்.

"மாட்டேன்," என்றார். "முதலில் இவளைப் பார்ப்பேன். அப்புறம் ஆட்டோ. ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்த பிறகு உனக்கு. நீ அங்கேயிருந்து வாக்கட் டிராஃபிக்கைத் தாண்டி வர ஒரு மணி நேரம். போனில் அழுவாய். உன்னைச் சமாதானப்படுத்துவேனா, பிள்ளையைப் பார்ப்பேனா?"

எனக்கு என்னவோ போலிருந்தது. அவளுக்கு ஒன்று நடந்து, இன்னொருவருக்குத் தெரிந்து, எனக்குத் தெரியாமல் ஒரு நேரம் ஓடும். அந்த நேரத்தில் நான் யாரோடோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பேன். காபி குடித்துக்கொண்டுகூட இருப்பேன். அதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் இன்னும் இடது பக்கமாகவே படுத்திருந்தாள். காக்குவின் கை அவள் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது. எழுந்துகொள் என்று யாரும் சொல்லவில்லை என்பதால் அவள் அப்படியே கிடந்தாள்.

"சரி," என்றேன்.

காக்கு கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன்," என்றார். "நீ அடுக்களைக்குப் போ. நீ இங்கே இருந்தால் நான் உன்னைத்தான் பார்க்கிறேன்."

நான் எழுந்து உள்ளே போனேன்.